தாங்கும் உடம்பு: கருச்சிதைவு மேசையில் வலியின் வரலாறு

சென்ற ஆண்டு ஆடி மாதம். ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். எங்களோடு வந்த பெண் உள்ளே இருந்தாள். வயது இருபத்து நான்கு. ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. மூன்று நாட்களாக ரத்தப்போக்கு நிற்கவில்லை. உள்ளே மிச்சம் தங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. "சுத்தம் பண்ணணும், கூட வந்தவங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். அவளிடம் ஒன்றும் விளக்கவில்லை. கையில் ஒரு ஊசி போட்டார்கள். அது என்ன ஊசி என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் சொல்லவில்லை.

கதவு சாத்தியிருந்தும் சத்தம் கேட்டது. முதலில் அவள் சத்தம். பிறகு வேறொரு குரல்: "ஏம்மா, இதுக்கே இப்படிக் கத்துற? அஞ்சு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கோ." அப்புறம் அடக்கிய முனகல் மட்டும்.

வெளியே வந்து படுக்கையில் சுருண்டவள், வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: "அக்கா, ரெண்டு புள்ள பெத்திருக்கேன். அப்பகூட இப்படி இல்ல. உள்ள கரண்டி வச்சுச் சொரண்டுற மாதிரி இருந்துச்சு." அவள் உவமைக்காக அப்படிச் சொன்னாள். உள்ளபடியே அதுதான் நடந்தது.

செவிலியரிடம் கேட்டோம். "சிஸ்டர், மரத்துப்போற ஊசி எதுவும் போட மாட்டீங்களா?"

"அதெல்லாம் ரொம்பப் பயப்படுறவங்களுக்குத்தான் மேடம். இவங்க காட்டுல மேட்டுல வேலை செய்யுறவங்க. உடம்பு தாங்கும்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஏளனமாகவும் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோல இயல்பாகச் சொன்னார். யாரும் அங்கே சாதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஓ.பி. சீட்டில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'காலனி' என்று ஒரு சொல் இருந்தது, அது போதும். 'இவங்க' என்ற சொல்லுக்குள் சாதியும் கூலி வேலையும் கறுத்த தோலும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன.

'தாங்கும்' என்ற அந்தச் சொல் எங்களை விடவில்லை. இது அந்த ஒரு செவிலியரின் சொந்தக் கருத்தாக இருக்க முடியாது, எங்கிருந்தோ அவர் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று தோன்றியது. படித்த சமூகவியல் சோறு போடுகிறதோ இல்லையோ, ஒரு சொல்லைக் கேட்டால் அதன் வேரைத் தேடும் கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. தேடினோம்.

அன்று அந்தத் தட்டில் இருந்த கருவியிலிருந்தே தொடங்கலாம். பெண்ணின் பிறப்புறுப்பை விரித்துப் பிடித்து, கருப்பை வாயைப் பார்ப்பதற்கு நம் மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படுவது 'சிம்ஸ் ஸ்பெகுலம்'. இரு முனையிலும் வளைந்த அகப்பை போல இருக்கும். ஜேம்ஸ் மரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயர் அது. வளைத்த ஒரு கரண்டிக் காம்பில்தான் அவர் அதைத் தொடங்கினார் என்பார்கள். 1845 முதல் 1849 வரை அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், தன் வீட்டுக்குப் பின்புறம் கட்டிய சிறு மருத்துவமனையில் அவர் அறுவைச் சோதனைகள் செய்தார். நீண்ட பேறுகாலத்தால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையில் ஓட்டை விழுந்து, ஓயாமல் சிறுநீர் கசியும் கொடுமைக்குச் சிகிச்சை கண்டுபிடிப்பது அவர் நோக்கம். சோதனைக்குக் கிடைத்தவர்கள் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள். ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் மூன்று பெயர்கள் மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன: அனார்கா, பெட்சி, லூசி. ஒப்புதல் கொடுத்தவர்கள் அவர்களின் உடைமையாளர்கள்.

முதலில் மேசையில் ஏற்றப்பட்டது லூசி. பன்னிரண்டு மருத்துவர்கள் சுற்றி நின்று பார்க்க, முழங்காலும் முழங்கையும் ஊன்றிய நிலையில், மயக்கம் எதுவும் இல்லாமல், ஒரு மணி நேரம். பிறகு நஞ்சேறி அவர் சாகும் நிலைக்குப் போனதையும், அவர் பட்ட வேதனை மிகக் கொடியது என்பதையும் சிம்ஸே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அனார்காவுக்குச் சுமார் முப்பது முறை அறுவை நடந்தது. உதவிக்கு வந்த வெள்ளை மருத்துவர்கள் சலித்துப்போய் வராமல் நின்றபோது, அந்தப் பெண்களே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உதவியாளர்கள் ஆனார்கள்.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈதர் மயக்கம் பாஸ்டன் நகரில் மக்கள் முன் காட்டப்பட்டது 1846 அக்டோபரில். சிம்ஸ் தொடங்கியபோது அது இல்லை. இந்த அறுவைக்கு மயக்கத்தின் தொல்லையும் ஆபத்தும் தேவைப்படும் அளவுக்கு வலி இல்லை என்று 1857இல் அவர் பொதுவாகவே பேசியிருக்கிறார். எனவே கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் மறுத்தார் என்று சொல்ல முடியாது என்று அவரை ஆதரிக்கும் வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். இருக்கட்டும். லூசியின் வேதனை கொடியது என்று எழுதிய அதே கை, இது பெரிய வலி இல்லை என்றும் முடிவு கட்டியிருக்கிறது. வலியைக் கண்ணால் பார்த்தவருக்கும் அது கணக்கில் வரவில்லை. எங்களைப் பொறுத்தவரை அந்த இடம்தான் முக்கியம். 2018 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து சிம்ஸின் சிலை அகற்றப்பட்டது. அவர் பெயர் கொண்ட கருவி நம் ஊர் ஜி.எச். தட்டில் இருக்கிறது.

சிம்ஸ் தொடங்கிய அதே 1845ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம், வங்காளத்தின் ஹூக்ளியில் இன்னொரு சோதனை நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில், விரைவீக்கத்தால் அவதிப்பட்ட ஒரு கைதிக்கு 'மெஸ்மரிசம்' என்ற வசிய உறக்கத்தின் மூலம் வலியைப் போக்க முயன்றார். அந்தக் கைதியின் பெயர் மாதவ் காவ்ரா. சாலை வேலைக்கு விலங்கிட்டு அனுப்பப்படும் தண்டனைக் கைதி. தொழில் பன்றி வியாபாரம் என்று எஸ்டெயில் குறித்திருக்கிறார். காவ்ரா என்பது இன்றும் மேற்கு வங்கப் பட்டியல் சாதிகளில் உள்ள பெயர். பன்றி வளர்ப்பு அவர்கள்மேல் சுமத்தப்பட்ட தொழில். ஆக, இந்தியாவில் வலியில்லா அறுவை சிகிச்சைக்கான அந்தச் சோதனை தொடங்கியது நம்மைப் போன்ற ஒருவரின் உடம்பில். பலன் கிடைத்தது என்று எஸ்டெயில் எழுதினார். மறுத்தவர்களில் சிலர் என்ன சொன்னார்கள் தெரியுமா? இந்தக் கூலிகள் வலியில்லாததுபோல் நடிக்கிறார்கள் என்றார்கள். கத்தினால் நடிப்பு, கத்தாவிட்டாலும் நடிப்பு!

எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847 நவம்பரில் பேறுகால வலிக்குக் குளோரோபார்ம் கொடுத்தார். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்கு விதிக்கப்பட்டதை மருந்தால் மாற்றலாமா என்ற மத எதிர்ப்புக்கு அவர் விவிலியத்தை வைத்தே பதில் எழுத வேண்டியிருந்தது. 1853 ஏப்ரலில் விக்டோரியா அரசி தன் எட்டாவது பிள்ளைப்பேற்றுக்கு ஜான் ஸ்னோவை வரவழைத்து, கைக்குட்டையில் சொட்டுச் சொட்டாக விட்ட குளோரோபார்மை 53 நிமிடங்கள் முகர்ந்தார். அரசியின் வலியைப் போக்குவது பாவமாக இருக்க முடியாதே. அதற்குப் பிறகு வசதியுள்ள வீடுகளில் அது வழக்கமாகத் தொடங்கியது.

எல்லோருக்கும் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் யாருக்கு மயக்கம் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதை மார்ட்டின் பெர்னிக் என்ற வரலாற்றாசிரியர் 1985இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் ஆராய்ந்திருக்கிறார். படித்தவர்கள், பணக்காரர்கள், வெள்ளைப் பெண்கள் ஆகியோருக்கு வலி அதிகம் தெரியும் என்றும், உடலுழைப்பாளிகள், குடியேறிகள், கறுப்பர்கள் ஆகியோருக்குக் குறைவு என்றும் மருத்துவர்கள் நம்பினார்கள். 1882இல் ஜார்ஜ் எங்கெல்மன் என்ற மகப்பேறு மருத்துவர், 'பழங்குடி' மக்களின் பிள்ளைப்பேறு பற்றி ஒரு தடித்த நூலே எழுதினார். நாகரிகம் குறைந்த இனங்களின் பெண்கள் சுலபமாகப் பெற்றுவிடுகிறார்கள் என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. நாகரிகம் ஏற ஏற நரம்பு மென்மையாகும் என்று அந்தக் காலத்து மருத்துவம் வலிக்கு ஓர் ஏணி கட்டியது. ஏணி என்றதும் உங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தால் அது எங்கள் குற்றமில்லை.

நம் ஊரில் இதற்கு நூல் தேவைப்படவில்லை. "அவளுக என்ன, நாத்து நட்டுக்கிட்டே வரப்புல பெத்துட்டு, தொப்புள்கொடிய அறுத்துப்போட்டு மறுபடி வயல்ல எறங்கிருவாளுக" என்று சொல்வதைக் கேட்காதவர் உண்டா? பாராட்டுபோல இருக்கும். வரப்பில் பெற்ற பெண் மறுபடி வயலில் இறங்கியது வலிக்காததாலா, அன்றைய கூலி போய்விடும் என்பதாலா என்று பாராட்டியவர் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தோழர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நம் மேடைகளிலும் இதே பேச்சு உண்டு. "எங்கள் தாய்மார்கள் இரும்பு" என்று நாமே முழங்குகிறோம். எங்களில் சிலர் அப்படிப் பேசிக் கைதட்டு வாங்கியவர்கள்தான். இரும்பு என்று சொன்ன பிறகு அதற்கு ஊசி எதற்கு என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

பாபாசாகேப் அப்படிப் பேசவில்லை. 1928இல் பம்பாய் சட்ட மன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால நலச் சட்ட முன்வரைவை அவர் ஆதரித்தது பலருக்குத் தெரியும். 1938 நவம்பர் 10 அன்று அதே மாகாணச் சட்டமன்றத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான ஒரு தீர்மானம் வந்தது. அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் ரோகம் முன்மொழிந்தார். உரையை எழுதியவர் அம்பேத்கர். பெண்கள் பிள்ளைப்பேற்றில் படும் வேதனையை ஆண்கள் பட வேண்டியிருந்தால், ஒரு பிள்ளைக்கு மேல் பெற எந்த ஆணும் சம்மதிக்க மாட்டான் என்ற பொருளில் அதில் ஓர் இடம் வருகிறது. தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. ஆனால் கவனியுங்கள்: பெண்ணின் வலியை அவர் அவளுடைய பெருமையாக்கவில்லை, தியாகமாக்கவில்லை. சட்டமன்றத்தில் ஒரு சான்றாக வைத்தார்.

இனி அந்த மேசைக்கு வருவோம். கருச்சிதைவு முழுமையடையாமல் மிச்சம் தங்கினால் மூன்று வழிகள். சிலருக்குக் காத்திருந்தாலே வெளியேறிவிடும். சிலருக்கு மாத்திரை போதும். ரத்தப்போக்கு அதிகமானாலோ தொற்று இருந்தாலோ கருவியால் வெளியே எடுக்க வேண்டும். பழைய முறை, நம் பெண்கள் 'டி.என்.சி.' என்று சொல்வது: கருப்பை வாயை உலோகக் கம்பிகளால் படிப்படியாக விரித்து, 'கியூரெட்' என்ற கூர் விளிம்புள்ள நீண்ட கரண்டியால் உட்சுவரைச் சுரண்டுவது. 1840களில் பிரான்சின் ரெக்கமியே என்ற மருத்துவர் கொண்டுவந்த கருவி அது. இதில் வலி இரண்டு இடங்களில் பிறக்கிறது. கருப்பை வாயை விரிக்கும்போது ஒன்று. கருப்பை சுருங்கும்போது அடிவயிற்றைப் பிசையும் இழுவலி இன்னொன்று. இரண்டுக்கும் நரம்புப் பாதைகள் வேறு, எனவே மருந்தும் வேறு.

முதல் வலிக்கு மருந்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். கருப்பை வாயைச் சுற்றி மரப்பு மருந்தை ஊசியால் செலுத்தும் 'பாராசெர்விக்கல் பிளாக்' முறையை 1926இல் ஜெர்மனியில் கெல்லெர்ட் விவரித்தார். 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெயினை உருவாக்கினார். பல் பிடுங்கும்போது ஈறில் போடுவார்களே, அதே மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இருக்கிறது. ஒரு சதவீத லிக்னோகெயின் 20 மில்லி போதும். ஊசி குத்தும்போது வலிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விரிக்கும்போதும் உறிஞ்சும்போதும் வலி குறைகிறது என்பதை அமெரிக்காவின் ஓரிகானில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. இரண்டாவது வலிக்கு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்கும் ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை. இரண்டும் சேர்ந்தாலும் வலி முழுதாகப் போய்விடாது. பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறையும். இதற்கு மயக்க மருத்துவர் தேவையில்லை, பெரிய தியேட்டர் தேவையில்லை.

அப்படியானால் ஏன் போடுவதில்லை? இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருப்பதாக நாங்கள் நினைக்கிறோம். சுரண்டுவதற்குப் பதில் உறிஞ்சி எடுக்கும் முறை 1958இல் சீன மருத்துவர்களின் எழுத்து வழியே பரவத் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வி கார்மன் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்தார். அதைக் கையால் இயக்கும் ஒரு சிரிஞ்சோடு பொருத்தினால் மின்சாரமே தேவையில்லை. 'எம்.வி.ஏ.' என்பது அதுதான். ஏழை நாடுகளுக்கு இது பெரிய வரம். 1971 போரில் வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்காக வங்கதேசத்துக்கு 1972இல் சென்றவர்களில் கார்மனும் ஒருவர். 1979இல் வங்கதேசம் இந்தக் கருவியைத் தேசியத் திட்டத்திலேயே சேர்த்து, மருத்துவர் அல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. கூர்க்கரண்டியைவிடப் பாதுகாப்பானது, எத்தனையோ உயிர்களைக் காத்த கருவி அது, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது என்ன? முழு மயக்கம் தேவையில்லை என்பது. வெளிப்புற நோயாளியாக வந்து அன்றே வீட்டுக்குப் போகலாம் என்பது. 'முழு மயக்கம் தேவையில்லை' என்ற சொல், கிராமத்துக்கும் நகர்ப்புறக் குடிசைக்கும் வந்து சேர்வதற்குள் 'மயக்கம் தேவையில்லை' என்றாகி, 'ஒன்றும் தேவையில்லை' என்றாகிவிட்டது. நடுவில் விழுந்துபோனது அந்த 20 மில்லி.

எழுத்தில் அது விழவில்லை. இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2010இல் வெளியிட்டு 2018இல் புதுப்பித்த கருக்கலைப்புப் பராமரிப்புப் பயிற்சி வழிகாட்டியில் மரப்பு ஊசியும் வலி மாத்திரையும் சொல்லப்பட்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2012இலும் 2022இலும் வலி மருந்தை வழக்கமாகவே கொடுக்க வேண்டும் என்கிறது. கூர்க்கரண்டியால் சுரண்டும் முறையைக் கைவிடச் சொல்கிறது. இங்கிலாந்தில் 2012 முதலே, கருச்சிதைவான பெண்ணிடம், மரப்பு ஊசியோடு வெளிப்புறப் பிரிவில் செய்துகொள்கிறாயா, தியேட்டரில் முழு மயக்கத்தில் செய்துகொள்கிறாயா என்று கேட்க வேண்டும் என்பது வழிகாட்டி. கேட்க வேண்டும்! நம் பெண்ணிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி வேறு: "என்ன மாத்திரை வாங்கிப் போட்ட? உண்மையச் சொல்லு."

இந்தக் கேள்வியில்தான் விஷயம் இன்னும் கசக்கிறது. கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தானாகக் கலைந்த கருவுக்குச் செய்யும் சிகிச்சைக்கு அந்தச் சட்டத்தின் அனுமதியே தேவையில்லை. அவளே கலைத்திருந்தாலும் சிகிச்சை ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். ஆனால் தானாகக் கலைந்ததா, அவளே கலைத்தாளா என்ற சந்தேகம் வார்டில் எப்போதும் மிதக்கிறது. காலனிப் பெண் என்றால் கொஞ்சம் கூடுதலாக. சந்தேகத்துக்கு ஆளானவளின் வலி தண்டனையின் சாயலை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெண் அந்தக் கருவை விரும்பியிருந்தாள். முதல் இரண்டும் பெண் பிள்ளைகள், இது பையனாக இருக்கும் என்று மாமியார் சொல்லியிருந்தாராம். துக்கத்தில் வந்தவளைக் குற்றவாளியாக நடத்தி, பல்லைக் கடிக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

கருச்சிதைவில் மட்டும் இது நடப்பதில்லை. 2022 நவம்பரில் பீகாரின் ககாரியா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மயக்கம் இல்லாமலே கருத்தடை அறுவை செய்ததாகப் பெண்களே முன்வந்து சொன்னார்கள். கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள் என்றார்கள். சில நாள் செய்தியானது.

கால் பிடிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று உள்ளே எங்கள் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் இருக்கும் ஓர் ஆயாம்மா. பக்கத்து ஊர்க் காலனிக்காரர். நம் ஆள். மறுநாள் டீக்கடையில் எங்களைப் பார்த்ததும் தானாகவே பேச்சை எடுத்தார். "நான் புடிக்கலன்னா அது துள்ளி எங்கயாவது குத்திரும்மா. ரத்தத்தத் தொடைக்கிறதும் நான்தான். அந்த மருந்து பாட்டில் அலமாரியில இருக்கு, தையல் போடுறப்ப எடுப்பாங்க. இதுக்கு எடுக்க மாட்டாங்க." அவருக்கு மாதம் கையில் வருவது என்ன என்று எங்களுக்குத் தெரியும். அவர்மேல் கோபப்பட எங்களால் முடியவில்லை. லூசியைப் பிடித்துக்கொண்ட பெண்களை யார் குற்றம் சொல்வது?

மருத்துவர்கள் பக்கத்தையும் கேட்டோம். எங்களிடம் மனம்விட்டுப் பேசிய ஓர் இளம் மருத்துவர், ஒரே நாளில் வரிசையாகப் பல பேர், ஒரு மேசை, ஊசி போட்டுக் காத்திருக்க நேரமில்லை என்றார். "எங்க சீனியர்ஸ் போட்டுப் பார்த்ததில்ல, நாங்களும் கத்துக்கல" என்றார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்வதுதான் வழக்கமாம். அதற்கு 'வாய் ஊசி' என்று அவர்களுக்குள் கேலிப் பெயர்கூட உண்டாம். ஆறுதல் பேச்சு வலியைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் பெண்ணுக்கு அந்த வாய் ஊசியும் கிடைக்கவில்லை, கிடைத்தது அதட்டல். நேரமில்லை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. மூன்று நிமிடம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, தெரிந்தவர்கள் வீட்டுப் பெண் என்றால் மயக்க மருத்துவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய அந்த நேர்மைக்கு எங்கள் மரியாதை.

2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கறுப்பர்களின் தோல் தடிமனானது, அவர்களின் நரம்பு நுனிகளுக்கு உணர்ச்சி குறைவு என்பன போன்ற பொய்களைப் பட்டியலிட்டு, இதில் எதை நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். அடிமைமுறை ஒழிந்து நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, அதுவும் உடற்கூறியல் படித்தவர்கள். நம் மருத்துவக் கல்லூரிகளில் 'காலனி உடம்பு தாங்கும்' என்ற வரியைப் பட்டியலில் சேர்த்துக் கேட்டால் எத்தனை பேர் கை தூக்குவார்கள்?

அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு எங்கள் வேலையில் சிறு மாற்றம் செய்திருக்கிறோம். இப்படி ஒரு பெண்ணோடு மருத்துவமனைக்குப் போகும்போது, உள்ளே அழைப்பதற்கு முன்பே, வலி மாத்திரை கொடுத்தாயிற்றா, கருப்பை வாயில் மரப்பு ஊசி போடுவீர்களா என்று கேட்கிறோம். பெண்ணையே கேட்கச் சொல்லிப் பழக்குகிறோம். 'லிக்னோகெயின்' என்ற பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் மாறுகிறது என்பதை அனுபவத்தில் கண்டோம். சில நேரம் திட்டு விழுகிறது, "நீங்கதான் டாக்டரா?" என்கிறார்கள். சில நேரம் ஊசி வருகிறது. பங்குனியில் அதே தெருவிலிருந்து இன்னொரு பெண்ணை அழைத்துப் போனோம். ஊசி போட்டார்கள். அவள் வெளியே வந்து, "வலிச்சுது அக்கா, ஆனா கத்தற அளவுக்கு இல்ல" என்றாள். வீட்டுக்குப் போகும் வழியில், ஆட்டோவில், முதல் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளுக்கு ஏன் போடவில்லை என்று எங்களைக் கேட்டாள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த மருத்துவமனைக்கு மனு போட்டோம். ஓராண்டில் எத்தனை பெண்களுக்குக் கருச்சிதைவுக்காகக் கருப்பை சுத்தம் செய்யப்பட்டது, அவர்களில் எத்தனை பேருக்கு மரப்பு ஊசி போடப்பட்டது, லிக்னோகெயின் எவ்வளவு வாங்கப்பட்டது என்று மூன்று கேள்விகள். முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் எண்கள் வந்தன. இரண்டாவது கேள்விக்கு நேரே, தட்டச்சில் ஒரு வரி: தனிப் பதிவேடு பராமரிக்கப்படவில்லை. மேல்முறையீடு அனுப்பியிருக்கிறோம்.